தோட்டப் பள்ளிகளும் மாணவர் தொகையும்

(சிரம்பான் வட்டாரத் தோட்டத் தொழிலாளரிடையே ஆற்றிய உரை)



தமிழ்ப்பள்ளிகள் தேய்ந்து வருகின்றன என்னும் பேச்சு எங்கும் எழுகிறது. அப்பேச்சில் இரண்டு செய்திகள் கலந்து கிடக்கின்றன.

ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆகவே லாபு, ரந்தாவ், பகாவ் என ரப்பர் மரம் நின்ற இடமெல்லாம் லயங்களுக்கு அருகே சிறு பள்ளிகள் தோன்றின. 1957இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. மாணவரோ ஏறத்தாழ 50,000 பேர்தாம். பள்ளிக்கு அறுபது பேர்கூட இல்லை! பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் செம்பனைக்கு இடம் விட்டது. செண்டாயான் போன்ற இடங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. 2008ஆம் ஆண்டளவில் பள்ளிகள் 523 ஆகக் குறைந்தன. ஆயினும் அப்பொழுது மாணவர் தொகை ஓர் இலட்சத்தைத் தாண்டி நின்றது.

இன்றைய குறைவு வேறு வகையினது. பள்ளிகளின் எண்ணிக்கை பெரிதும் மாறாதிருக்க, மாணவர் தொகை 80,000ஐ ஒட்டி இறங்கிவிட்டது. முதற்காரணம் பிறப்பு. 1970இல் இந்நாட்டுப் பெண் ஒருவருக்குச் சராசரி ஐந்து குழந்தைகள் என்னும் நிலை இருந்தது. 2022இல் இந்தியரிடையே அது 1.1 ஆயிற்று. வேறு பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரும் உளர். அது அவர்தம் உரிமை. பழி முழுவதையும் அவர்மீது சுமத்துவது கணக்குக்கு ஒவ்வாது.

நெகிரி செம்பிலானில் இவ்விரு போக்கும் அருகருகே தெரிகின்றன. நகரத்துப் பள்ளிகளில் வகுப்பறைகள் நிறைந்திருக்க, உட்புறத் தோட்டப் பள்ளிகளில் மாணவர் சிலரே. 150 பேருக்கும் குறைந்த பள்ளி, ‘குறைந்த மாணவர் பள்ளி’ எனப்படும். தொகை மிகவும் சுருங்கினால் ஈராண்டு மாணவரை ஒரே வகுப்பில் இணைத்துக் கற்பிக்க நேர்கிறது. அத்தகைய பள்ளியைப் பிள்ளைகள் மிகுந்த குடியிருப்புக்கு மாற்றுவது தக்க வழியே. பெயரில் மட்டும் தோட்டத்தைத் தாங்கி நகர்ப்புறத்தில் நடக்கும் பள்ளிகள் பல உண்டு.

ஆனால் தோட்டத்திலேயே எஞ்சியிருக்கும் பிள்ளைகள்? விடியுமுன் பால்மரம் வெட்டச் செல்லும் தாய், பத்துக் கல் தொலைவுக்குப் பிள்ளையை எவ்வாறு கொண்டுவிடுவாள்? 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். ஆதலின், பள்ளி இடம்மாறும் பேச்சு எழுந்தவுடனே, பேருந்து யார் பொறுப்பு, கட்டணம் எவ்வளவு, லயத்து வாசலுக்கு எத்தனை மணிக்கு வரும் என்பவற்றைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். விடையைக் கூட்டக் குறிப்பில் எழுதச் செய்யுங்கள். அடுத்த ஆண்டு முதலாம் வகுப்பில் சேரவேண்டிய பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலையும் அக்கூட்டத்திலேயே தலைமையாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.