பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படிப்போம்
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சேமிப்பு, கடன், வட்டி என்று ஒரு ரூபாய் பிசகாமல் கணக்குப் பார்க்கிறோம். பிள்ளைகளுக்கு வாங்குகிற பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் ஒரு கணக்கு இருக்கே, அதைப் பார்க்கிறோமா?

டால்டான்னு நாம சொல்ற வனஸ்பதி, தாவர எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்திக் கெட்டியாக்கியது. அந்த வேலை அரைகுறையாக நடக்கும்போது டிரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது. பண்டம் மொறுமொறுன்னு இருக்கும், சீக்கிரம் கெடாது. ஆனால் ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி, நல்லதைக் குறைக்கும். மாரடைப்பு வரும் ஆபத்து கூடும்.

இதற்கு 2003-ல் சட்டம் போட்டு வழிகாட்டிய நாடு டென்மார்க். நம் நாட்டில் எண்ணெய், வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பின் அளவு 2021-ல் 3 சதவீதம், 2022 ஜனவரி முதல் 2 சதவீதம் எனக் குறைக்கப்பட்டது. எண்ணெய் சேர்த்துச் செய்த பண்டங்களுக்கும் இப்போது இதே அளவுதான்.

பாக்கெட்டில் எப்படிப் பார்ப்பது? 100 கிராம் பிஸ்கட்டில் மொத்தக் கொழுப்பு 20 கிராம் என்று போட்டிருந்தால், அதில் 2 சதவீதம் 0.4 கிராம். டிரான்ஸ் கொழுப்பு அதற்கு மேல் இருக்கக் கூடாது. எழுத்து இங்கிலீஷில் இருந்தால் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்துக் கேளுங்கள். 'கொலஸ்ட்ரால் இல்லை' என்ற பெரிய எழுத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். தாவர எண்ணெயில் கொலஸ்ட்ரால் எப்போதுமே கிடையாது!

சரி, லேபிளே இல்லாத பண்டத்துக்கு என்ன செய்வது? கடையில் சில்லறையாக எடுத்துத் தருகிற வனஸ்பதியில் எவ்வளவு இருக்குன்னு யாருக்குத் தெரியும்? அதை வாங்காதீங்க. சந்தேகம் வந்தால் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். அது நம் உரிமை.

உரிமை கேட்கிற நமக்குப் பொறுப்பும் உண்டு. முறுக்கு, மிக்சர் போட்டு விற்கிற குழுக்கள் நம்மிலும் இருக்கின்றன. லாபத்துக்காக வனஸ்பதி சேர்க்க வேண்டாம். சுட்ட எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சினாலும் கேடுதான். நம் பண்டத்தைத் தின்பது பக்கத்து வீட்டுப் பிள்ளை.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் காலி பாக்கெட் ஒன்று கொண்டு வாருங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம்.