மெமோ வந்தால் பதில் எழுதுங்கள்

(மகளிர் நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

நம் பெண் பிள்ளைகள் பலர் இன்று கம்பெனிகளிலும் கடைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் வேலை பார்க்கிறார்கள். கர்ப்பம் என்று தெரிவித்த சில வாரங்களில் "உங்கள் வேலை திருப்தியாக இல்லை" என்று மெமோ வந்ததாகச் சொல்லி நம் அலுவலகத்திற்கு வருகிறவர்கள் உண்டு. வீட்டில் அவர்களுக்குக் கிடைக்கும் முதல் யோசனை, "இந்த நேரத்தில் உனக்கு எதற்கு டென்ஷன்? எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடு" என்பதுதான். அன்பினால் சொல்கிறோம். ஆனால் அந்த ஒரு கடிதத்தால் என்ன போகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் திருத்தம் வந்தது. அதன்படி முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமை இருக்கிறது. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு அதன் விதிப்படி அங்கிருந்து பணம் வரும். மாதம் 25,000 ரூபாய் வாங்கும் பிள்ளைக்கு 26 வாரம் என்றால் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரூபாய்!

கர்ப்ப காலத்தில் நிர்வாகமே வேலையை விட்டு நீக்கினாலும் இந்தப் பணம் போகாது. பெரும் ஒழுங்கீனம் என்று எழுத்தில் உத்தரவிட்டால்தான் மறுக்க முடியும். அந்த உத்தரவின் மீதும் 60 நாளுக்குள் முறையிடலாம். நாமாகவே ராஜினாமா கொடுத்துவிட்டால் இந்தப் பிடிமானம் கைநழுவிப் போகும்.

ஆகவே மெமோ வந்தால் பதறாமல் வாங்கிக்கொள்ளுங்கள். "பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கொடுத்த கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். நேரம் போதாவிட்டால் அவகாசம் கேட்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

பதிலில் கோபம் வேண்டாம், தேதிகள் வேண்டும். சென்ற ஆண்டு சம்பள உயர்வு எப்போது, கர்ப்பத்தைத் தெரிவித்தது எந்தத் தேதி, மெமோ வந்தது எந்தத் தேதி என்று வரிசையாக எழுதுங்கள். "வேலை சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லியிருந்தால், எந்த நாள், எந்த வேலை என்று கேளுங்கள். உண்மையிலேயே தவறிய ஒன்று இருந்தால் அதை மறைக்காமல் எப்படிச் சரிசெய்வீர்கள் என்று சொல்லுங்கள். அது உங்கள் பதிலுக்கு வலு சேர்க்கும். ஸ்கேன் ரிப்போர்ட், மருத்துவர் சீட்டு, விடுப்பு அனுமதி இவற்றின் நகலை இணையுங்கள். பதிலின் ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வீட்டில் வையுங்கள்.

கணக்குப் பிரிவில் வேலை பார்த்த ஒரு சகோதரிக்கு, ஆறு நாள் பதிவுகள் தாமதம் என்று மெமோ வந்தது. அவர் பார்த்தபோது அதில் இரண்டு நாள், அனுமதி பெற்று ஸ்கேனுக்குப் போன நாட்கள். ஒன்றரைப் பக்கத்தில் பதில் எழுதினார். நிர்வாகம் மெமோவை வாபஸ் வாங்கவில்லை, மேல்நடவடிக்கையும் எடுக்கவில்லை. அவர் சம்பளத்துடன் விடுப்பில் போனார்.

பதிலுக்குப் பிறகும் நெருக்கடி தொடர்ந்தால் தொழிலாளர் நலத்துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. தொலைபேசி 15100.

கணவன்மார்களுக்கும் மாமியார்களுக்கும் ஒரு வார்த்தை. மெமோவோடு வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் "விட்டுவிடு" என்று சொல்லுமுன் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக் கொடுங்கள். உட்கார்ந்து தேதிகளை ஞாபகப்படுத்த உதவுங்கள். வேலையை விடுவதா வேண்டாமா என்பதைப் பிரசவத்துக்குப் பிறகு அவளே நிதானமாக முடிவு செய்யட்டும்.

எழுதத் தெரியவில்லை என்றால் மெமோவோடு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். கெடு முடிவதற்கு முன்பே வாருங்கள்.