கண்ணே கைத்தொழிலின் முதல்

(மேட்டூரில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கல்வியைப் பற்றியும், மணவினைச் செலவைச் சுருக்குவதைப் பற்றியும் இச்சபையில் பலகாலும் பேசி வருகின்றோம். அவை வேண்டற்பாலனவே. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் கண் நலம். நெசவை வழிவழித் தொழிலாகக் கொண்ட நமக்குக் கையும் காலும் கருவிகள் என்றால், கண்ணே முதல். முதல் கரைந்தபின் வருவாய் எங்ஙனம் நிற்கும்?

நாற்பது வயதை எய்தியவர்க்கு அருகிலுள்ள பொருள் மங்கித் தோன்றுதல் இயற்கை. கண்ணினுள் பளிங்குபோன்ற வில்லையொன்று உண்டு. இளமையில் அது நெகிழ்ந்துகொடுத்து, தொலைவைப் பார்க்க ஒரு வடிவும் அருகிற் பார்க்க வேறொரு வடிவும் கொள்ளும். ஆண்டுகள் செல்லச்செல்ல இறுகிவிடும். இதனையே நம் முன்னோர் வெள்ளெழுத்து என்றனர். இஃது ஒரு நோயன்று. நரையைப்போல் வயதின் குறி.

ஆயினும் ஜலகண்டாபுரம், இளம்பிள்ளை, குமாரபாளையம் முதலிய தறியூர்களில் இந்த வெள்ளெழுத்து செய்யும் தீங்கு சிறிதன்று. அறுந்த இழையைப் பிடித்து முடிச்சிடவும், அச்சின் பற்களினூடே நூல் கோக்கவும் கண் மறுக்கும்போது, "வயதாகிவிட்டது" என்று நெசவாளர் தறியைவிட்டு எழுகின்றார். கையில் வலிமை குன்றவில்லை. முப்பதாண்டுப் பழக்கமும் போகவில்லை. குறைந்தது ஒரு சிறு கண்ணாடி மட்டுமே! அதன் விலை சில நாட்கூலிக்கு மேற்படாது. அஃதின்மையால் ஒரு குடும்பம் பதினைந்து இருபதாண்டு உழைப்பை இழக்கின்றது.

இது வெறுஞ்சொல் அன்று என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர் 751 பேரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவு 2018-ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒரு சாரார்க்கு உடனே கண்ணாடி கொடுத்தனர். மற்றவர்க்கு ஆராய்ச்சி முடிந்தபின் கொடுத்தனர். கண்ணாடி பெற்றவர் நாளொன்றுக்குக் கொய்த இலை சராசரி 25 கிலோவிலிருந்து ஏறத்தாழ 35 கிலோவாயிற்று. பெறாதவர் கொய்தது 26 கிலோவிலிருந்து ஏறத்தாழ 31 கிலோவாகவே உயர்ந்தது. இலை கொய்வதற்கே இத்துணைப் பயன் என்றால், மயிரினும் நுண்ணிய இழையைக் கையாளும் நமக்கு எவ்வளவு பயன் என்பதை நீங்களே கருதிப் பாருங்கள்.

"அப்படியாயின் சந்தையில் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டாற் போதாதோ?" எனச் சிலர் வினவலாம். போதாது. அதன் காரணத்தை மேட்டூரில் உள்ளார்க்கு விளக்குதல் எளிது. நம் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. வரும் நீர் எவ்வளவு, போகும் நீர் எவ்வளவு என்று நாள்தோறும் அளந்து அறிவிக்கின்றனர். கண்ணினுள்ளும் ஒருவகைத் தெளிநீர் ஓயாது சுரந்து, நுண்ணிய வடிகால் வழியே வெளியேறுகின்றது. அவ்வழி தடைப்படின் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் பார்வை நரம்பைச் சிறிதுசிறிதாக அழிக்கும். இதனைக் கண்நீர் அழுத்த நோய் என்பர். பெரும்பாலும் இதற்கு வலியில்லை. பக்கப் பார்வை முதலிற் குறைவதால் நோயாளியும் உணரார். அழிந்த பார்வை மீளாது. முன்னரே கண்டாலோ, சொட்டு மருந்தாலும் சிகிச்சையாலும் எஞ்சியதைக் காக்கலாம். நீரிழிவு விழித்திரைக்குச் செய்யும் கேடும் இத்தகையதே. ஆகையால் நீரிழிவுடையார் ஆண்டுக்கொரு முறை விழித்திரையைச் சோதித்தல் கடமை. சந்தைக் கண்ணாடி எழுத்தைக் காட்டும். உள்ளே ஏறும் மட்டத்தைக் காட்டாது.

சோதனைக்கு எங்கே செல்வது? நம் நாடு இத்துறையிற் பிற்பட்டதன்று. இலண்டனில் 1805-இல் கண் மருத்துவமனை தோன்ற, சென்னையில் 1819-இலேயே தோன்றிவிட்டது. எழும்பூரில் இன்றும் விளங்குவது அதுவே. மதுரையில் டாக்டர் கோ. வேங்கடசாமி அவர்கள், முடக்குவாதத்தால் விரல்கள் கோணியிருந்தும், அரசுப் பணியினின்று ஓய்வுபெற்ற 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் கிளை இன்று சேலத்திலும் உள்ளது. கண்புரைக்கு வைக்கும் வில்லையை 1992 முதல் மதுரையிலேயே செய்யத் தொடங்கியதனால், ஏழையும் அதனைப் பெற வழியுண்டாயிற்று. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கண் பிரிவு உண்டு.

கண்ணாடிக்கு அளவு காண்பதைத் தனிக் கல்வியாகப் பயின்றோரை ஆப்டோமெட்ரிஸ்ட் என்பர். இதற்கான நான்காண்டுப் பட்டப்படிப்பு சென்னையில் 1985-இல் தொடங்கிற்று. நம் பிள்ளைகளுக்கும், சிறப்பாகப் பெண்மக்களுக்கும், இஃது ஏற்ற கல்வி. கண்ணாடிக் கடைக்குச் செல்வோர், அளவு பார்ப்பவர் முறையாகப் பயின்றவரா என்று கேட்கத் தயங்கலாகாது.

இனி, இச்சபையிலன்றி வேறெங்கும் பேசவொண்ணாத ஒன்றைக் கூறுவோம். பெண் பார்க்கச் செல்லும் நம்மவர், பெண் கண்ணாடி அணிந்திருப்பின் முகம் சுளிக்கின்றனர். அதனை அஞ்சித் தாய்மார் மகளின் கண்ணாடியைப் பெட்டியில் மறைக்கின்றனர். கிட்டப்பார்வையுள்ள சிறுமி கரும்பலகையைக் காணாது "மந்தம்" என்று பெயரெடுக்கின்றாள், படிப்பையும் இழக்கின்றாள். மாறுகண் பிள்ளையையோ "அதிர்ஷ்டம்" என்று விட்டுவிடுகின்றனர். இளவயதிற் சிகிச்சை செய்யாவிடின் அக்கண்ணின் பார்வை நிலையாகக் குறைந்துவிடக்கூடும். தமிழக அரசு 2009-இல் தொடங்கிய கண்ணொளி காப்போம் திட்டத்தின்படி பள்ளி மாணவர்க்கு இலவசமாகக் கண்ணாடி வழங்கப்பெற்றது. அரசு கொடுத்த கண்ணாடியைச் சமூகம் கழற்ற வைத்தல் தகுமோ? சீரும் தொகையும் பேசும் பெரியோர்கள், "கண்ணாடி குறையன்று" என்று முதலிற் சொல்வாராக.

வேறு சிலவற்றைச் சுருங்கக் கூறுவோம். கண்ணில் தூசியோ நெல் உமியோ பட்டால், தாய்ப்பாலும் பச்சிலைச் சாறும் விடலாகாது. கருவிழி புண்ணாகிப் பார்வை போகும். கடையில் தாமே சொட்டு மருந்து வாங்கி விடுதலும் கேடே. தொழிற்சாலைகளிற் பற்றவைப்போர் காப்புக் கண்ணாடியின்றி நெருப்பொளியை நோக்கலாகாது. லாரி ஓட்டுவோர் ஆண்டுதோறும் பார்வையைச் சோதிப்பது அவர்க்கும் பிறர்க்கும் உயிர்க்காப்பு. பிள்ளைகள் கைப்பேசியை விட்டு நாளும் வெளியில் வெயிலொளியில் விளையாடுதல், கிட்டப்பார்வை வளராமற் காக்கும். முருங்கைக்கீரையும் பழுத்த பப்பாளியும் நம் கொல்லையிலேயே உண்டு.

முடிவாக, மூன்று தீர்மானங்களைச் சபையின்முன் வைக்கின்றோம். ஒன்று: சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தன்று, நாற்பது வயது கடந்த உறுப்பினர் அனைவர்க்கும், நூல் சுற்றும் பெண்டிர் உட்பட, பயின்றவரைக் கொண்டு கண் சோதனை நடத்துதல். இரண்டு: மாலைக்கும் பொன்னாடைக்கும் செலவிடும் பணத்தை ஏழை நெசவாளர்க்குக் கண்ணாடி வாங்கித்தர ஒதுக்குதல். மூன்று: சோதனையில் நோய் காணப்பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஊருக்கிருவரை நியமித்தல், தனியே செல்ல அஞ்சியே பல முதியோர் வீட்டில் தங்கிவிடுகின்றனர்.

இம்மூன்றுக்கும் பெரும்பொருள் வேண்டா, மனமே வேண்டும். தறியை விட்டெழுந்த ஒருவரேனும் அடுத்த ஆண்டுக்குள் மீண்டும் தறியில் அமர்வாராயின், இன்று நாம் கூடியது பயனுடைத்தாகும்.