காசு என்னும் சொல்: ஒலியொப்புமையும் உறவும்

(நம் சங்கத்தின் ஆண்டு மகாநாட்டில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் குல வரலாற்றை நூலாக எழுதி அச்சிடுதல் வேண்டும் என்னும் தீர்மானம் இம்மகாநாட்டின் முன் வரவிருக்கின்றது. அதனை யாம் முழுமனத்துடன் ஆதரிக்கின்றோம். ஆயினும், அந்நூலுக்காக அன்பர் சிலர் எழுதியனுப்பிய குறிப்புக்களைப் படித்தபோது எமக்கு மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே உண்டாயின. நம் குலப்பெயரோடு ஒலியால் ஒத்த ஊர்ப்பெயர் ஒன்று மேலைத் தேசத்தில் உளதென்றும், ஆதலால் நம் முன்னோர் அங்கே அரசு செலுத்தினர் என்பது வெளிப்படை என்றும் ஓர் அன்பர் வரைந்துள்ளார். அவரது குலப்பற்றை மெச்சுகின்றோம். அவர் கொண்ட ஆதாரம் தாங்குமா என்பதே எம் கேள்வி. அதனைச் சோதிப்பதற்கு, நாம் நாள்தோறும் எண்ணியும் கொடுத்தும் வாங்கியும் வருகின்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். அது ‘காசு’.

தமிழில் காசு என்பது நாணயம். பொன்னும் மணியும் அப்பெயர் பெறும். முதலாம் இராசராசன் (985–1014) காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களில், கோயிற்பொருளைக் கடனாகப் பெற்ற ஊரார் ஆண்டுதோறும் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு பொலிசை செலுத்தக் கடவர் எனக் காண்கின்றோம். மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகளிலும் இச்சொல் உண்டு. இதனை வடமொழியில் ‘கர்ஷம்’ என்னும் நிறைப்பெயரோடு இணைப்பாரும் உளர். இனி, ‘காசு’ என்பதற்குக் குற்றம் என்னும் பொருளும் நம் அகராதிகளில் உண்டு. ‘காசறு’ என்றால் குற்றமற்ற என்பது பொருள். ஆகவே ஒரு மொழிக்குள்ளேயே இவ்வொலி இருவேறு பொருள் தருவதாயிற்று.

பிற நாடுகளிற் புகுந்து பார்ப்போம். வடமொழியில் ‘காச’ என்பது இருமல். நாம் காசநோய் என்பது அதன் வழியே வந்தது. பாரசீகத்தில் ‘காசா’ என்பது கிண்ணம். இத்தாலியத்திலும் ஸ்பானியத்திலும் ‘காசா’ என்றால் வீடு. ஜப்பானியத்தில் முதலெழுத்துக் குறுகி ‘கசு’ என வருவது, கடன் கொடுத்தல் என்னும் ஒரு சொல்லும், அரிசி மதுவைப் பிழிந்தபின் எஞ்சும் மண்டி என்னும் வேறொரு சொல்லுமாம். கடன் கொடுத்தல் என்பதைக் கேட்டவுடன், “ஆ! நம் காசன்றோ அங்கே சென்றது!” என்று மனம் துள்ளும். அப்படியாயின் மண்டியும் வீடும் கிண்ணமும் இருமலும் நம் காசிலிருந்தே பிறந்தன என்று சொல்லத் துணிவோமா? விரும்பியதை உறவென்று சேர்த்து, விரும்பாததைக் கண்டும் காணாது விடுதல் ஆராய்ச்சியாகாது.

இனி ஆங்கிலத்துக் ‘கேஷ்’ என்னும் சொல்லைக் காண்போம். ஒலியும் பொருளும் இரண்டும் ஒத்திருக்கின்றன. ஆதலால் இது காசு என்பதன் திரிபே எனப் பலர் மேடைகளிற் கூறக் கேட்டுள்ளோம். உண்மை அதுவன்று. இலத்தீனில் ‘காப்ஸா’ என்பது பெட்டி. அதிலிருந்து இத்தாலியத்தில் ‘காஸ்ஸா’வும் பிரெஞ்சில் ‘கேஸ்’ என்பதும் தோன்றின. பணப்பெட்டியைக் குறித்த அச்சொல் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்திற் புகுந்து, நாளடைவில் பெட்டியை விட்டு அதனுள் இருந்த ரொக்கத்தைக் குறிக்கலாயிற்று. கேஷியர் என்னும் பணக்காப்பாளரின் பெயர் இவ்வழியது. ஆனால் ஒருவரை உத்தியோகத்தினின்று தள்ளுதலைக் குறிக்கும் ‘கேஷியர்’ என்னும் ஆங்கில வினையோ, உடைத்தல், தள்ளுதல் என்னும் பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லின் வழியது. பெட்டியைக் காப்பவரும் பெட்டியிற் கைவைத்துத் தள்ளப்படுபவரும் ஒரே ஒலியால் வழங்கப்படினும், சொற்கள் வேறு, பிறப்பும் வேறு.

இவ்வளவில் நம் காசு ஆங்கிலத்துக்குச் செல்லவே இல்லை என்று முடித்தலும் பிழையாகும். 1498-ல் நம் கரைக்கு வந்த போர்த்துகேசியர், இங்கே வழங்கிய சிறு நாணயத்தின் பெயரைக் கேட்டு, பெட்டி என்னும் பொருளுள்ள தம் ‘கைஷா’ என்னும் சொல்லின் உருவிலேயே அதனை வழங்கினர். அவர்பால் ஆங்கிலேயர் கொண்டு அதனையும் ‘கேஷ்’ என்றனர். 1818 வரையில் சென்னைக் கும்பினியார் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். சீனத்தில் ‘சியென்’ எனப்பட்ட, நடுவே சதுரத் துளையுள்ள செப்பு நாணயத்துக்கும் ஆங்கிலேயர் இப்பெயரையே இட்டனர். ஆகவே ஆங்கிலத்தில் ‘கேஷ்’ இரண்டு. ரொக்கமாகியது இலத்தீனின் வழித்தோன்றல். கீழைத் தேசத்துச் சிறு நாணயமாகியது நம்முடையது. கண்ணுக்குத் தெரிந்த உறவு பொய்யாயிற்று. எவரும் தேடாத இடத்தில் மெய்யுறவு இருந்தது.

அங்ஙனமாயின் உறவை அறிவது எவ்வாறு? ஒரு சொல்லைக் கொண்டு அறிதல் இயலாது. ஆங்கிலத்தில் ‘பேட்’ என்பதும் பாரசீகத்தில் ‘பத்’ என்பதும் தீமையையே குறிக்கும். அவ்விரு மொழிகளும் ஒரு குடும்பத்தனவே. ஆயினும் அச்சொற்களுக்குள் உறவில்லை. மறுபுறம், நம் பால் கன்னடத்தில் ‘ஹாலு’, பல் ‘ஹல்லு’, பத்து ‘ஹத்து’, புலி ‘ஹுலி’. ஒன்றன்பின் ஒன்றாகப் பகரம் நின்ற இடத்தில் ஹகரம் நிற்கின்றது. பழங்கன்னடக் கல்வெட்டுக்களிலோ பகரமே காணப்படுகின்றது. இவ்வொழுங்கும் பழைய சாசனமும் சேர்ந்தே உறவை நாட்டுகின்றன. 1816-ல் எல்லிஸ் துரையும், 1856-ல் கால்டுவெல் ஐயரும் தென்மொழிகளின் இனத்தை எடுத்துக்காட்டியது, ஓரிரு சொற்கள் ஒத்தன என்பதனாலன்று. சொல்லமைப்பையும் இலக்கணத்தையும் வரிசையாக ஒப்பிட்டதனாலேயே.

சகோதரர்களே! சொல்லுக்கே இத்தனை சாட்சி வேண்டுமாயின், ஒரு குலத்தின் வரலாற்றுக்கு எத்துணை வேண்டும்! நம் சிறுவர் பள்ளியில் இந்நூலைப் பெருமையுடன் காட்டுவர். அறிந்தார் ஒருவர், “இதற்குச் சான்று யாது?” என வினவினால், ஒலியொப்புமை ஒன்றையே கூறி அவர்கள் தலைகுனிதல் நமக்கு அழகாகுமா? பையிற் செல்லாக்காசு ஒன்று அகப்பட்டால், வாங்குவோன் நல்ல காசையும் தட்டிப் பார்ப்பான். ஒரு பொய்ப்பெருமையால், நம் முன்னோர் மெய்யாகச் செய்த அறங்களும் ஐயத்துக்கு இடமாகிவிடும்.

ஆதலின் அன்பர்களை வேண்டிக்கொள்வது இதுவே. அயல்நாட்டு ஊர்ப்பெயர்களைத் தேடுமுன், நம் வீட்டுப் பரணில் கிடக்கும் கணக்கேடுகளையும், கிரயப் பத்திரங்களையும், கோயிற் கல்வெட்டுக்களையும், முதியோர் நினைவில் உள்ள குடிவழியையும் தொகுத்து அனுப்புங்கள். அவற்றிற் காண்பது சிறிதாயினும் அதனையே எழுதுவோம். நாம் அச்சிடப்போகும் வரலாறு காசறு வரலாறு ஆகுக என்று கூறி, யாம் அமர்கின்றோம்.