கைப்பேசியில் வேலை தேடும் இளவல்களுக்கு
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு காலத்தில் சபர் சென்ற ஒருவர் தம் தம்பிக்கோ மச்சானுக்கோ விசா எடுத்து அனுப்புவார். அவர் எழுதும் ஒரு கடிதத்தால் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிந்தது. இன்று அக்கடிதத்தின் இடத்தில் கைப்பேசி அமர்ந்துவிட்டது. வாட்ஸ்அப், ஃபேஸ்புக், டெலிகிராம், 2003ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட லிங்க்ட்இன் ஆகியவற்றின் வழியே வேலை தேடுவது வழக்கமாகிவிட்டது. கருவி மாறியிருக்கிறது, ஹலாலும் ஹராமும் மாறவில்லை.

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் பட்டதாரி இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், தாய்லாந்தில் கணினி வேலை கிடைத்துவிட்டது. துஆ செய்யுங்கள்" என்றார். நாமும் கைகளை உயர்த்தப் போனோம். அப்போதுதான், உம்மாவின் நகையை அடகு வைத்து முகவருக்குப் பணம் கட்டவிருப்பதாகச் சொன்னார். வேலை தருபவரை நேரில் கண்டதுண்டா என வினவினோம். டெலிகிராமில் பேசியது மட்டுமே என்றார். விசா எவ்வகை என்றோம். சுற்றுலா விசா என்றார்.

வளைகுடாவில் பல்லாண்டு பணியாற்றித் திரும்பிய மஹல்லாவாசி ஒருவர், நமது வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் தேடிப் பார்த்தார். பதிவு பெற்ற முகவர்களுள் அப்பெயர் இல்லை. பயணம் நின்றது. அந்தத் தம்பிக்கு நம்மீது வருத்தமும் இருந்தது.

அவ்வாண்டு செப்டம்பரில், தாய்லாந்தில் கணினி வேலை எனச் சமூக ஊடக விளம்பரங்களால் அழைக்கப்பட்ட இளைஞர்கள் மியான்மருக்குச் சட்டவிரோதமாகக் கடத்தப்படுவதாக வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. அக்டோபரில் அங்கிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை வந்திறங்கினர். அச்செய்தி வந்த அன்று அத்தம்பி நம் கையைப் பற்றியபடி பேசாமல் நின்றார். நாமும் வெட்கினோம். விசாரிக்காமலே துஆ செய்து அனுப்பவிருந்தவர்கள் நாமல்லவா!

வரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி திருமறை நம்மைப் பணிக்கிறது. ஆகவே, முகவரின் பதிவைச் சரிபாருங்கள். பதிவு பெற்ற முகவர் பெறத்தக்க சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. இரசீது கேளுங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குச் செல்லாதீர்கள். 1978இல் தமிழக அரசு தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது, அதையும் நாடுங்கள்.

இதனால் இணையமே ஆகாது என நாம் கூறவில்லை. அதே தம்பி பின்னர் லிங்க்ட்இன்னில் தம் கல்லூரியின் மூத்த மாணவர்களைத் தேடினார். "வேலை வாங்கித் தாருங்கள்" என்று கேட்கவில்லை. "உங்கள் துறையில் நுழைய நான் எதைக் கற்க வேண்டும்?" என்று கேட்டார். பலர் பதிலளிக்கவில்லை, ஒருவர் வழிகாட்டினார். அவர் சொன்ன பயிற்சியை முடித்து, இன்று கோவையில் பணிபுரிகிறார்.

யூசுஃப் (அலை) அவர்கள் மிஸ்ரின் மன்னரிடம் தம் தகுதியைத் தாமே எடுத்துரைத்தார்கள். உள்ள தகுதியைச் சொல்வது பெருமையடித்தலாகாது. ஆனால் இல்லாத அனுபவத்தை எழுதுவது பொய். அப்பொய்யால் கிடைக்கும் ஊதியத்தில் பரக்கத்தை எவ்வாறு எதிர்பார்ப்பது? உங்கள் பக்கத்தில் நீங்கள் எழுதும் வசைச் சொற்களையும் வேலை தருபவர் படிப்பார் என்பதை மறவாதீர்கள்.

ஜமாஅத்தார்களிடம் ஒரு வேண்டுகோள். நம் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்கள் குறைந்து, வெளியூரிலுள்ள சகோதரர்கள் அறிந்த உண்மையான பணியிடங்கள் இடம்பெறட்டும். பட்டம் பெற்று வீட்டிலிருக்கும் நம் பெண்மக்களையும் அச்செய்திகள் சென்றடையட்டும். விவரமறிந்த இருவர், வரும் வேலை வாய்ப்புகளைச் சரிபார்த்துச் சொல்லும் பொறுப்பை ஏற்கட்டும். ஓர் உம்மாவின் நகை காக்கப்பட்டாலும் அது பெரும் கைம்மாறுக்குரிய செயலாகும்.

வல்ல ரஹ்மான் நம் இளவல்களுக்கு ஹலாலான ரிஸ்கை விசாலமாக்கி, ஏமாற்றுவோரின் தீங்கிலிருந்து காத்தருள்வானாக! ஆமீன்.