பர்த்வான்: நெற்களஞ்சிய நகரின் வரலாறும் நமது கடமையும்

(கட்சிக் கல்வி வகுப்பொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

நகரங்களின் வரலாற்றை அரண்மனைகளையும் தோரண வாயில்களையும் கொண்டு எழுதுவது ஆளும் வர்க்கத்தின் வழக்கம். மேற்கு வங்கத்தின் பர்த்வான் நகரிலும் அத்தகைய வாயில் ஒன்று உண்டு. கர்சன் பிரபுவின் வருகையை ஒட்டி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகாராஜா விஜய்சந்த் மாதாப் எழுப்பியது அது. விடுதலைக்குப் பின் விஜய தோரணம் எனப் பெயர் மாறினாலும், மக்கள் நாவில் இன்றும் அது கர்சன் கேட்தான். நகரின் பெருமையாகச் சொல்லப்படும் சீதாபோக், மிஹிதானா என்னும் இனிப்புகளின் கதையையும் அதே வருகையோடு இணைத்தே கூறுவர். சீதாபோகுக்குச் சேரும் மாவு, அப்பகுதியில் விளையும் கோவிந்தபோக் அரிசியின் மாவு. அந்த நெல்லை விளைவித்தவர் யார், விளைந்ததில் அவருக்கு எஞ்சியது என்ன என்று கேட்கும்போதுதான் பர்த்வானின் உண்மையான வரலாறு தொடங்குகிறது.

தாமோதர் நதிக்கரையில், கல்கத்தாவிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள நகரம் இது. பஞ்சாபிலிருந்து வந்து குடியேறிய வணிகக் குடும்பமொன்று, முகலாயர் காலத்தில் வரிவசூல் உரிமை பெற்று, வங்கத்தின் மிகப்பெரிய ஜமீன்களுள் ஒன்றாக வளர்ந்தது. 1793இல் காரன்வாலிஸ் கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டம், குறித்த நாளில் கிஸ்தி கட்டாத ஜமீனை ஏலத்தில் விட்டது. அந்த அபாயத்திலிருந்து தப்ப, மகாராஜா தேஜ்சந்த் தமது நிலவுரிமையைத் துண்டு துண்டாக்கி இடைத்தரகர்களுக்கு நிலையான குத்தகைக்கு விட்டார். 1819ஆம் ஆண்டின் எட்டாவது ஒழுங்குவிதி இதற்குச் சட்ட உருவம் தந்தது. இதன் பெயர் பட்னி முறை. நம் காதுக்கு அது 'பட்டினி' என்று ஒலிக்கும். குடியானவருக்கு விளைந்ததும் அதுவே. பட்னிதாருக்குக் கீழே ஒருவர், அவருக்குக் கீழே இன்னொருவர் என அடுக்கடுக்காக அமர்ந்தனர். ஒவ்வோர் அடுக்கும் தன் பங்கை எடுத்தது. சுமை முழுவதும் உழுபவரின் முதுகில் இறங்கியது.

நிலத்தைப் போலவே நீரும் வர்க்கக் கேள்விதான். பழங்காலத்தில் தாமோதரின் வண்டல் கலந்த வெள்ளநீர் வாய்க்கால்கள் வழியே வயல்களில் பரவி மண்ணுக்கு உரமூட்டியது. கம்பெனி ஆட்சி கரைகளை உயர்த்தி ஆற்றைச் சிறைப்படுத்தியது. 1855இல் ராணிகஞ்ச் நிலக்கரியை ஹவுராவுக்குக் கொண்டுசெல்ல அமைந்த ரயில்பாதையின் மேடு, நீரின் இயல்பான போக்கை மேலும் தடுத்தது. 1860களிலும் 70களிலும் 'பர்த்வான் காய்ச்சல்' என்று பெயரெடுத்த மலேரியா கிராமங்களையே காலி செய்தது. கரைகளும் மேடுகளும்தான் வளத்தையும் உடல்நலத்தையும் சேர்த்தே அழித்தன என்று பின்னாளில் எடுத்துரைத்தவர், பிரிட்டிஷ் பாசனப் பொறியாளர் வில்லியம் வில்காக்ஸ் அவர்களே.

1930களில் தாமோதர் கால்வாய் வந்தது. உடன் வரியும் வந்தது. 1935ஆம் ஆண்டின் வங்க வளர்ச்சிச் சட்டத்தைக் காட்டி, ஏக்கருக்கு ஐந்தரை ரூபாய் கேட்டது அரசு. நெல் விலை வீழ்ந்து கிடந்த காலம் அது. விவசாயிகள் ஒன்றுதிரண்டு வரிகொடா இயக்கம் நடத்தினர். அரசு வரியைக் குறைக்க நேர்ந்தது. நகரத்துப் படித்த இளைஞர்கள் கிராமத்துக்குச் சென்று விவசாயிகளுடன் இணைந்து வளர்த்த இயக்கம் இது. அந்தமான் சிறையிலிருந்து திரும்பிய ஹரேகிருஷ்ண கோனாரும், பினாய் சவுத்ரியும் பர்த்வான் மண்ணின் விவசாய இயக்கம் அளித்த தலைவர்கள். ஒருவர் 1967, 1969 ஐக்கிய முன்னணி அரசுகளிலும், மற்றவர் 1977இல் அமைந்த இடது முன்னணி அரசிலும் நிலச்சீர்திருத்தத்தை முன்னின்று நடத்தினர்.

1978இல் தொடங்கிய 'ஆபரேஷன் பர்கா'வின் செயல்முறையை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். சட்டம் முன்பே இருந்தது. வாரக் குத்தகைதாரரின் பெயர்தான் பதிவேட்டில் இல்லை. அலுவலகத்துக்கு வரும்படி ஏழையை அழைப்பதை விடுத்து, அதிகாரிகள் கிராமத்துக்குச் சென்றனர். வேலை முடிந்த மாலை வேளையில் கூட்டம் கூடியது. உழுபவர் யார் என்பது ஊரார் முன்னிலையில் உறுதியானது. நிலவுடைமையாளர் மிரட்டும்போது துணைநிற்க விவசாயிகள் சங்கம் இருந்தது. மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 14 லட்சம் வாரக் குத்தகைதாரர்கள் பதிவு பெற்றனர். இடுபொருளைச் சாகுபடியாளரே ஏற்கும் நிலத்தில் விளைச்சலின் நான்கில் மூன்று பங்கு அவருக்கு என்ற சட்டவிதி, தாளிலிருந்து களத்துமேட்டுக்கு இறங்கியது. சட்டத்துக்கு உயிர் கொடுத்தது அமைப்பின் பலம்தான்.

அதன் பின்னர் ஆழ்துளைக் கிணறுகளும் கோடைப் பருவ 'போரோ' சாகுபடியும் பெருகின. அரிசி ஆலைகளும் உருளைக்கிழங்குக் குளிர்பதனக் கிடங்குகளும் சுற்றுவட்டாரமெங்கும் எழுந்தன. நகரத்தின் இன்றைய முகம் இந்த உபரியால் உருவானது. கோஸ்பாகான் பகுதியில் நெருங்கி நிற்கும் மருத்துவர் கூடங்களையும் மருந்துக் கடைகளையும் நம்பிச் சுற்றியுள்ள கிராமங்கள் வருகின்றன. அறுவடையில் ஈட்டியதை ஒரு நோய் பறித்துக்கொள்ளும் கொடுமையும் அங்கேயே நிகழ்கிறது. நெல்லுக்கும் கிழங்குக்கும் விலையைத் தீர்மானிப்பவர் விளைவித்தவர் அல்லர். கிடங்கும் ஆலையும் கடனும் யார் கையில் உள்ளனவோ, அவர் கையிலேயே விலையும் உள்ளது. ஜமீன்தார் போனார், உபரியை உறிஞ்சும் வழி மாறியது.

தோழர்களே, இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். வாரக் குத்தகைதாரர் பதிவு பெற்றார். நிலமற்ற கூலித் தொழிலாளிக்குப் பதிவு செய்ய ஏது இருந்தது? நடவுக்கும் அறுவடைக்கும் பாங்குரா, புருலியா மேட்டு நிலங்களிலிருந்து சந்தால் மக்கள், குழந்தைகளைச் சுமந்தபடி பர்த்வான் வயல்களுக்கு வருவது நீண்டகால நடைமுறை. பட்டாவில் பெண்ணின் பெயர் இடம்பெற்றதும் மிகத் தாமதமாகத்தான். பெற்ற உரிமையைக் காப்பது ஒரு கட்டம். அதற்கு வெளியே நிற்பவரை உள்ளே கொண்டுவருவது அடுத்த கட்டம். இரண்டாவது தளரும்போது முதலாவதும் ஆட்டம் காணும்.

இது தொலைதூர வங்கத்தின் கதை மட்டுமன்று. இன்று தஞ்சை, திருவாரூர், நாகை வயல்களில் மேற்கு வங்கத் தொழிலாளர்கள் குழுக்களாக நாற்று நடுகிறார்கள். தரகர் பேசிய தொகைக்கு ஏக்கர் கணக்கில் வேலை செய்து, மோட்டார் கொட்டகையிலும் தார்ப்பாய்க் கூடாரத்திலும் உறங்குகிறார்கள். 'நம் பிழைப்பைக் கெடுக்க வந்தவர்கள்' என்ற பேச்சு நம் வேலைத்தலங்களிலும் எழுகிறது. அப்பேச்சால் ஆதாயம் அடைபவர், உள்ளூர்த் தொழிலாளியையும் வெளியூர்த் தொழிலாளியையும் மோதவிட்டுக் கூலியைக் குறைப்பவர்தான். வெண்மணி தந்த பாடத்தை நெஞ்சில் தாங்கிய இயக்கம் அந்த வலையில் விழலாகாது.

எனவே நம் கிளைகள் செய்ய வேண்டியது தெளிவானது. நடவுக் காலத்தில் அவர்கள் தங்குமிடங்களுக்குச் செல்லுங்கள். தரகர் பிடித்துக்கொள்ளும் தொகை எவ்வளவு என்று கேட்டறியுங்கள். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்ற கோரிக்கையை இரு மொழியிலும் அச்சிடுங்கள். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் அவர்களை உறுப்பினராக்குங்கள். பாட்டன் காலத்தில் பதிவேட்டில் பெயர் ஏற்றப் போராடிய மண்ணிலிருந்து வந்தவர்கள் அவர்கள். இன்று நம் வரப்பில் பெயரற்றவர்களாக நிற்கிறார்கள். அவர்கள் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வதிலிருந்து வேலையைத் தொடங்குவோம்.