மார்பகப் பரிசோதனைக்கு எத்தனை நாள் சம்பளம்?



மார்பகப் புற்றுநோய் என்றதும் அக்டோபர் மாதமும் இளஞ்சிவப்பு ரிப்பனும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. பேரங்காடியில் ரிப்பன் கொடுக்கிறார்கள், நடைப்பயணம் நடக்கிறது. நவம்பர் பிறந்ததும் எல்லாம் பெட்டிக்குள் போய்விடுகிறது.

மலேசியப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் இதுதான். 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, 27 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் இது வர வாய்ப்புண்டு. சீனப் பெண்களுக்கு அடுத்தபடியாக இந்தியப் பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. அதே பதிவேட்டில் இதைவிடக் கவலை தரும் ஓர் எண் இருக்கிறது. நோய் கண்டறியப்பட்டவர்களில் 47.9 விழுக்காட்டினர் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில் இருந்தவர்கள். அதற்கு முந்தைய ஐந்தாண்டில் அது 43.2 விழுக்காடு. விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் பெருகிய காலத்தில்தான் தாமதமும் கூடியிருக்கிறது.

"நம் பெண்களுக்குப் பயம், அறியாமை" என்று மேடையில் சொல்லிவிடுவது சுலபம். ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். வயது 52. பந்திங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை, குத்தகையாளரிடம் நாள் சம்பளம். அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் மருத்துவரோ தாதியோ மார்பகத்தைக் கையால் பரிசோதிப்பார்கள். அதற்குப் பணம் பெரிய தடையில்லை. மெமோகிராம் எடுக்க வேண்டுமென்றால் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் வாங்க வேண்டும். அங்கே ஒரு தேதி, முடிவு கேட்க இன்னொரு தேதி, சந்தேகம் இருந்தால் ஊசியால் சதை எடுக்க மூன்றாவது தேதி. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு நாள் சம்பளம் போகும். பஸ் வசதி இல்லாவிட்டால் காரில் அழைத்துப் போகும் மகனுக்கும் வேலை கெடும். தொடக்கத்தில் இந்தக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காத கட்டிக்கு இவ்வளவு செலவா என்று அந்த அம்மா தள்ளிப்போட்டால், அதற்குப் பெயர் அறியாமையா?

பக்கத்து நாடான சிங்கப்பூரில் 2002-ஆம் ஆண்டிலேயே தேசிய அளவில் மார்பகப் பரிசோதனைத் திட்டம் தொடங்கிவிட்டது. 50 முதல் 69 வயது வரையுள்ள பெண்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மெமோகிராம் எடுக்கும்படி அங்கே அழைக்கப்படுகிறார்கள். மலேசியாவில் பெரும்பாலும் தேடிப் போகிறவருக்குத்தான் பரிசோதனை.

உதவித் திட்டங்கள் இல்லாமல் இல்லை. தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் 2007 முதல் குறைந்த வருமானக் குடும்பத்துப் பெண்களுக்கு மெமோகிராம் கட்டணத்தில் உதவி செய்யத் தொடங்கியது. சொக்சோ 2013-இல் தன் சந்தாதாரர்களுக்கு இலவசப் பரிசோதனையை அறிமுகப்படுத்தியபோது, 40 வயதான பெண்களுக்கு மெமோகிராமும் அதில் இருந்தது. ஆனால் முதலாளி சொக்சோ சந்தாவே கட்டாமல் விட்டால்? குத்தகை வேலையில் இருப்பவர்கள் சம்பளச் சீட்டை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. 2019-இல் வந்த பேக்கா பி40 திட்டம் தொடங்கியபோது, அதன் பரிசோதனையில் மார்பகத்தைக் கையால் பார்ப்பதுதான் இருந்தது. ஆனாலும் சிகிச்சையை முடிக்கும் புற்றுநோயாளிக்கு 1,000 ரிங்கிட்டும், தீபகற்பத்தில் 500 ரிங்கிட் வரை போக்குவரத்து உதவியும் அறிவித்தார்கள். பஸ் காசு இல்லாமல் சிகிச்சை நின்றுபோகும் என்பதை யாரோ புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் 2014 முதல் இன்னொரு முயற்சியும் நடந்திருக்கிறது. மார்பகப் புற்றுநோயாளி சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடாமல் இருக்க, தேதி, போக்குவரத்து, குடும்பச் சிக்கல் என ஒவ்வொன்றிலும் கூடவே நின்று வழிகாட்ட ஆட்களை வைத்தார்கள். மெமோகிராம் இயந்திரம் வாங்குவதைப் போலவே இதுவும் அவசியமான செலவுதான்.

இனி ஆண்கள். மார்பகப் புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய நூற்றில் ஒருவர் ஆண். எண்ணிக்கை சிறியது என்பதால் எல்லா ஆண்களுக்கும் மெமோகிராம் தேவை என்று மருத்துவர்கள் சொல்வதில்லை, அது சரிதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. காம்புக்கு அடியில் கட்டி தட்டுப்பட்டாலும் "கொழுப்பாக இருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள், மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. பாடகி பியான்சேயின் தந்தை மேத்யூ நோல்ஸ் தமக்கு இந்நோய் வந்ததை 2019-இல் வெளிப்படையாகச் சொன்னார். அவர் முதலில் கவனித்தது சட்டையில் இருந்த ரத்தப் புள்ளிகளை. அவருக்கு பிஆர்சிஏ2 என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது. அந்த மாற்றம் உள்ள ஆண்களில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரக்கூடும். இது தாயிடமிருந்தும் வரலாம், தந்தையிடமிருந்தும் வரலாம். அம்மாவுக்கோ அக்காவுக்கோ இளவயதில் இந்நோய் வந்திருந்தால், மகள்களோடு மகன்களும் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

கட்டி, உள்ளிழுத்த காம்பு, கசிவு, ஆறாத புண் ஆகியவற்றில் எது இருந்தாலும் ஆண்களுக்கும் மெமோகிராமும் அல்ட்ராசவுண்டும் எடுக்கலாம். கவுண்டரில் "யாருக்கு, மனைவிக்கா?" என்று கேட்பார்கள். "எனக்குத்தான்" என்று சொல்லி எண்ணை வாங்கிக்கொண்டு உட்காருங்கள்.